'ஒன்லி' என்னும் சிறு சொல்லும் நம் உரிமை வரலாறும்

ஆங்கிலத்தில் 'ஒன்லி' என்று ஒரு சொல் உண்டு. ஆங்கில எழுத்துகளை அறிந்த சில ஆண்டுகளிலேயே நம் பிள்ளைகள் அதனைக் கற்றுவிடுகின்றனர். 'மட்டும்' என்று ஏட்டில் பொருள் எழுதிக்கொண்டு அப்பாற் செல்கின்றனர். கடினமான சொற்களுக்கு அகராதியைப் புரட்டும் மாணவர்கூட இச்சொல்லுக்காக அதனைத் திறப்பதில்லை. ஆனால், வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், அலுவலகத்திற்கு முறையீடு வரையும்போதும், நேர்முகத் தேர்வில் விடையளிக்கும்போதும் இடம் மாறி விழும் சொற்களுள் முதன்மையானது இதுவே.

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், அதுவும் வரலாற்றுக் கட்டுரையில், ஓர் ஆங்கில வினையடைக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் இச்சொல் நமக்குத் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் பொருளன்று. 1833ஆம் ஆண்டு முதல் அண்மைக் காலம் வரை நம் மக்களின் கல்வி, வேலை, பாதுகாப்பு ஆகியவை பற்றிய சட்டங்களில் இச்சொல் இருந்ததாலும், இல்லாமற் போனதாலும், இல்லாத இடத்தில் இருப்பதாகக் கொள்ளப்பட்டதாலும் நேர்ந்த விளைவுகள் பல. அண்ணல் அம்பேத்கர் இந்த ஒரு சொல்லுக்காக நாடாளுமன்றத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே மறுத்துப் பேசியிருக்கிறார். ஆதலின் முதலில் சொல்லின் இலக்கணத்தையும், பின்னர் அதன் சட்ட வரலாற்றையும் இங்குக் காண்போம்.

'ஒன்லி' என்பது 'ஒன்' என்னும் எண்ணுப்பெயரிலிருந்து பிறந்தது. 'ஒன்றைப் போன்றது, ஒன்றாக நிற்பது' என்பது பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள். ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்துவதே இன்றளவும் அதன் தொழில். பெயருக்கு அடையாகவும் அது வரும். வினைக்கும் பிற சொற்களுக்கும் அடையாகவும் வரும். 'ஹி இஸ் தி ஒன்லி சன்' என்றால் வீட்டிற்கு அவன் ஒரே மகன். 'ஹி இஸ் ஒன்லி எ சன்' என்றால் அவன் மகன்தானே, அதற்கு மேல் அவனுக்கு என்ன அதிகாரம் என்னும் பொருள் வந்துவிடும். சொல் ஒன்றே, முன்னும் பின்னும் நிற்பவை மாறியதால் ஒரே மகன் ஒன்றுமில்லாத மகனாகிவிட்டான்.

இடம் மாறினால் பொருள் எவ்வாறு மாறும் என்பதற்கு எளிய வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'தி கிளார்க் சைன்ட் தி லெட்டர்', அதாவது குமாஸ்தா கடிதத்தில் கையெழுத்திட்டார். தொடக்கத்தில் 'ஒன்லி' சேர்த்தால், குமாஸ்தா ஒருவரே கையெழுத்திட்டார், மேலதிகாரி இடவில்லை என்றாகும். வினைக்கு முன் சேர்த்தால், கையெழுத்து மட்டுமே அவருடையது, கடிதத்தை எழுதியவர் வேறொருவர் என்று கொள்ள இடமுண்டு. 'தி லெட்டர்' என்பதற்கு முன் சேர்த்தால், கடிதத்தில் மட்டும் கையெழுத்திட்டார், உடன் வைத்த ஆவணங்களில் இடவில்லை என்றாகும். நான்கைந்து சொற்களே உள்ள வாக்கியம், மூன்று பொருள். ஓர் அலுவலக விசாரணையில் இம்மூன்றும் மூன்று வேறு குற்றச்சாட்டுகளாகும் என்பதை அரசுப் பணியில் உள்ள நம் உறுப்பினர்கள் நன்கறிவர்.

ஆங்கிலேயரும் இச்சொல்லால் இடர்ப்பட்டவர்களே. 1762ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் என்னும் பாதிரியார், அடைச்சொல் அது தழுவும் சொல்லுக்கு அருகில் நிற்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அவருக்குப் பின் வந்த பள்ளி ஆசிரியர்கள் அதனைக் கடுமையான விதியாக்கிப் பிரம்போடு கற்பித்தனர். 1926இல் ஆங்கில வழக்ககராதி வெளியிட்ட ஃபௌலர் அக்கடுமையை எள்ளி நகைத்தார். வினைக்கு முன் 'ஒன்லி' வருவது பேச்சில் இயல்பு. பொருள் மயக்கம் இல்லாதபோது அதனைக் குற்றமாகக் கூறுதல் வீண் என்பது அவர் கட்சி. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பேசுவோர் எந்தச் சொல்லை அழுத்தி ஒலிக்கிறாரோ அதனோடு 'ஒன்லி' சேர்வதைக் காது அறியும். தாளில் எழுதியதற்குக் குரல் இல்லை. ஆதலால் பேச்சில் ஃபௌலரையும் எழுத்தில் லௌத்தையும் பின்பற்றுதல் மாணவர்க்கு நலம் என்பது நம் கருத்து.

தமிழராகிய நாம் இச்சொல்லில் வழுவுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அது அறிவுக் குறைவு அன்று. நம் மொழியின் வளமே அது. தொல்காப்பியம் ஏகார இடைச்சொல்லுக்கு ஐந்து பொருள் கூறுகிறது. அவற்றுள் தேற்றம் ஒன்று, பிரிநிலை ஒன்று. 'அவனே கொடுத்தான்' என்பது பிறர் எவரும் கொடுக்கவில்லை என்று பிரித்துக் காட்டினால் பிரிநிலை. கொடுத்தவன் அவன் என்பதில் ஐயமில்லை என்று உறுதிப்படுத்தினால் தேற்றம். இன்றைய வழக்கில் 'தான்' என்பதும் இவ்விரு பணிகளையும் செய்கிறது. ஆங்கில 'ஒன்லி'யோ பிரிநிலைக்கு உரியது, தேற்றத்திற்கு உரியதன்று. நாம் 'தான்' வரும் இடமெல்லாம் 'ஒன்லி'யைப் பெய்துவிடுகிறோம். 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று எண்ணி 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்கிறோம். நாம் கருதியது தேற்றம். கேட்கும் வெளிநாட்டார்க்குத் தோன்றுவது, இவர் வேறெங்கும் செல்வதில்லை போலும் என்பது. 'அவர்தான் எங்கள் தலைவர்' என்பதற்கு 'ஹி ஒன்லி இஸ் அவர் பிரசிடெண்ட்' என்று எழுதுவதும் இவ்வகையே.

இதற்கு எளிய சோதனை உண்டு. 'தான்' வரும் தமிழ் வாக்கியத்தின் இறுதியில் 'வேறில்லை' என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். பொருள் பொருந்தினால் 'ஒன்லி' எழுதலாம். பொருந்தாவிடில் விட்டுவிட வேண்டும். இன்னொன்று, தமிழில் 'மட்டும்', 'தான்', 'ஏ' மூன்றும் தாம் தழுவும் சொல்லின் பின்னே நிற்பன. ஆங்கிலத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் முன்னே நிற்பது. 'பத்துப் பேர் மட்டும் தேறினர்' என்பதில் 'மட்டும்' பத்துப் பேருக்குப் பின் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஒன்லி டென்' என்று முன்னே வரவேண்டும். 'அப்போதுதான்' என்பதை வாக்கியத்தின் முதலில் 'ஒன்லி தென்' என்று வைத்தால் அடுத்து வரும் துணைவினையும் எழுவாயும் இடம் மாறும் என்பதைத் தேர்வு எழுதுவோர் நினைவிற்கொள்க. 'மட்டுமன்றி' என்பதற்கு வரும் 'நாட் ஒன்லி'யை முதலில் வைத்தாலும் அவ்வாறே.

'ஒன்லி' பின்னே நிற்கும் இடமும் உண்டு. பணவிடையிலும், காசோலையிலும், கடன் பத்திரத்திலும் தொகையை எழுத்தால் எழுதி இறுதியில் 'ஒன்லி' என்று முடிப்பர். தமிழில் 'ரூபாய் ஐம்பது மட்டும்' என்கிறோம். தொகைக்குப் பின் வேறொருவர் ஒரு சொல்லும் சேர்க்கவொண்ணாதபடி வாயிலை அடைத்துத் தாழிடுவதே அதன் நோக்கம். எண்ணால் எழுதும்போது பக்கத்தில் ஒரு சாய்கோடு இழுப்பதும் அதற்காகவே. இதனை அற்பம் என்று எண்ண நம்மால் இயலாது. வெற்றுத்தாளிலும், தொகை நிரப்பாத பத்திரத்திலும் பெருவிரல் ரேகை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்களின் வழிவந்தோர் நாம். கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1976இல்தான். அந்தப் பத்திரங்களில் தொகைக்குப் பின் 'மட்டும்' என்று எழுதப்பட்டிருந்ததா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்திருந்தால் சில குடும்பங்களேனும் தப்பியிருக்கும்.

இனிச் சட்டத்திற்கு வருவோம்.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் பட்டயச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் 87ஆம் பிரிவு, இந்நாட்டவர் எவரும் தம் சமயம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றின் 'காரணத்தால் மட்டும்' கும்பெனியின் பதவிகளுக்குத் தகுதியற்றவராக மாட்டார் என்று கூறியது. அங்கேதான் 'ஒன்லி' நம் நாட்டுச் சமத்துவச் சட்டத்துக்குள் அடியெடுத்து வைத்தது. மறு ஆண்டு கும்பெனி இயக்குநர்கள் இந்திய அரசுக்கு அனுப்பிய விளக்கத்தில், பிரிட்டிஷ் இந்தியாவில் இனி ஆளும் சாதி என்று ஒன்று இராது என்றும், வேறு எவ்வகைத் தகுதிகளை அளவுகோலாகக் கொண்டாலும் இனமும் சமயமும் அவற்றுள் சேரா என்றும் எழுதினர். 'ஆளும் சாதி' என்று அவர்கள் குறித்தது வெள்ளையரை. அன்று சேரிகளில் இருந்தோர்க்கு அச்சொற்கள் வேறு பொருளைத் தந்திருக்கும்.

'வேறு எவ்வகைத் தகுதிகள்' என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. நிறத்தால் 'மட்டும்' தடுக்கக் கூடாது. வேறு காரணம் காட்டித் தடுக்கலாம். உயர் பதவிக்கான தேர்வு இலண்டனில் நடந்தது. கடல் கடந்து செல்லப் பொருள் வேண்டும். வயது வரம்பும் 1870களின் பிற்பகுதியில் 19ஆகக் குறைக்கப்பட்டது. சட்டம் வந்து 30 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராக அத்தேர்வில் வென்றார். எவரையும் நிறத்துக்காக 'மட்டும்' விலக்கவில்லை என்று ஆட்சியாளர் சாதிக்க முடிந்தது. சட்டப்படி அது பொய்யும் அன்று.

அத்தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரசார் கோரினர். 1893இல் பிரிட்டிஷ் மக்கள் சபையும் அதற்கு இசைந்து தீர்மானித்தது. அவ்வேளையில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் நம் மக்களைக் கூட்டி, 3,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட எதிர் விண்ணப்பத்தை இலண்டனுக்கு அனுப்பினார். தலைமுறைகளாகக் கல்வியைத் தமக்கே உரியதாக வைத்திருந்தோர் பதவிகளையும் கைப்பற்றி நம்மவரை முன்னினும் நசுக்குவர் என்பது அவ்விண்ணப்பத்தின் சாரம். இதனை நாட்டுப்பற்றின்மை என்று பழித்தோர் அன்றும் இருந்தனர், பின்னும் இருந்தனர். தேர்வு எல்லார்க்கும் பொது என்று சட்டம் சொன்னாலும், தேர்வுக்கு முந்திய பள்ளி எல்லார்க்கும் பொதுவாக இல்லை என்பதையே அவர் சுட்டினார் என்பது நம் கருத்து.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 298ஆம் பிரிவிலும் அதே தொடர் சிறு மாற்றத்துடன் வந்தது. 'காரணத்தால் மட்டும்' என்பது அங்கு 'ஆன் கிரவுண்ட்ஸ் ஒன்லி ஆஃப்' என்றாயிற்று. அத்தொடரே 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15, 16, 29ஆம் உறுப்புகளில் இடம்பெற்றது. 1833இன் பட்டியலில் இல்லாத சாதி என்னும் சொல் இப்போது சேர்ந்தது. சமயம், இனம், சாதி முதலியவற்றின் அடிப்படையில் மட்டும் எவரையும் வேறுபடுத்தலாகாது. அரசு வேலை மறுக்கலாகாது. அரசின் கல்விக்கூடத்தில் இடம் மறுக்கலாகாது.

இங்கு 'ஒன்லி' நிற்கும் இடத்தை மாணவர்கள் உற்றுநோக்குக. 'கிரவுண்ட்ஸ்' என்னும் சொல்லுக்குப் பின்னும், சமயம், சாதி என்னும் பட்டியலுக்கு முன்னும் அது நிற்கிறது. ஆகவே அது 'வேறுபடுத்துதல்' என்னும் வினையைத் தழுவவில்லை; காரணங்களின் பட்டியலைத் தழுவுகிறது. வேறு காரணமின்றி இவை மாத்திரமே காரணமாயின், அவ்வேறுபாடு கூடாது என்பதே தொடரின் நேர்ப்பொருள்.

தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பில் 'ஒன்லி' இல்லை. தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவிலும் அதனைக் கைக்கொள்ளுதல் தடுக்கப்பட்டது என்று அது கூறுகிறது. அங்கே காரணம் கேட்பதற்கே இடம் வைக்கப்படவில்லை. அரசியலமைப்பைப் படிக்கும் நம் இளைஞர்கள் 15ஐயும் 17ஐயும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நன்று.

29ஆம் உறுப்பின் இரண்டாம் கூறுக்குத் தனிக் கதை உண்டு. வரைவில் அது சிறுபான்மையினர்க்கான பாதுகாப்பாகவே இருந்தது. எந்தச் சிறுபான்மையினரையும் அரசின் கல்விக்கூடச் சேர்க்கையில் வேறுபடுத்தலாகாது என்பது அதன் கருத்து. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் தாகூர்தாஸ் பார்கவா கொண்டுவந்த திருத்தத்தால் 'சிறுபான்மை' என்பது போய் 'குடிமகன்' என்பது வந்தது; 'ஆன் கிரவுண்ட்ஸ் ஒன்லி ஆஃப்' என்பதும் உடன் வந்தது. எளியோர்க்குக் காவலாக எழுதிய விதி எல்லார்க்கும் உரியதாயிற்று. இரண்டரை ஆண்டுகளுக்குள் அது எவர்க்குப் பயன்பட்டது என்பதைச் சென்னை மாகாணம் கண்டது.

அந்நாளில் சென்னையில் வகுப்புவாரி அரசாணை நடைமுறையில் இருந்தது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அன்றைய அரசு ஆவணங்கள் 'அரிசனர்' என்று குறித்த நம்மவர்க்கு 2, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று வகுக்கப்பட்டிருந்தது. பதினான்கில் இரண்டு! நம் தாத்தன்மார் காலத்தில் கனவிலும் எண்ணியிராத இரண்டு. 1950 ஜூனில் செண்பகம் துரைராசன் என்பார் இவ்வாணை 29ஆம் உறுப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே அனுப்பியிருக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. எனினும் அரசுத் தரப்பு அதனை எதிர்வாதமாக்கவில்லை. உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதனை உறுதிசெய்தனர். மதிப்பெண் இருந்தும் பிராமணர் என்பதால் ஒருவர் இடம் இழப்பாராயின், அது சாதியின் அடிப்படையில் மட்டும் மறுத்ததே என்பது தீர்ப்பு. அதே நாளில் மாவட்ட முன்சீப் பதவிகள் பற்றிய வேறொரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. வேலை பற்றிய 16ஆம் உறுப்பில் பிற்பட்டோர்க்கு இட ஒதுக்கலாம் என்னும் நான்காம் கூறு முன்னரே இருந்தமையால், அங்கு நம்மவர்க்கும் பிற்பட்டோர்க்கும் ஒதுக்கிய இடங்கள் பிழைத்தன. கல்விக்கு அத்தகைய கூறு இல்லை. வேலை உண்டு, அதற்குரிய படிப்புக்கு வழியில்லை என்பதாயிற்று நிலைமை.

தமிழகம் கொந்தளித்தது. பெரியாரும் பிறரும் கிளர்ந்தெழுந்த கதையைப் பலர் எழுதியுள்ளனர், இங்கு விரிக்கவில்லை. நாம் நோக்கவேண்டியது அவ்வாண்டு மே மாதம் அரசியலமைப்பின் முதல் திருத்தம் பற்றி நாடாளுமன்றத்தில் சட்ட அமைச்சர் அம்பேத்கர் ஆற்றிய உரை. அத்தீர்ப்பு தமக்கு நிறைவளிக்கவில்லை என்று அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். 29ஆம் உறுப்பின் இரண்டாம் கூறில் மிக முக்கியமான சொல் 'ஒன்லி' என்றார். அங்குக் கூறப்பட்டவை அல்லாத பிற காரணங்களால் வேறுபாடு செய்வதை அச்சொல் தடுக்கவில்லை என்றும், நீதிமன்றம் அச்சொல்லுக்குத் தரவேண்டிய கவனத்தைத் தரவில்லை என்றும் எடுத்துரைத்தார்.

இதன் நுட்பம் தெளிவாக விளங்கவேண்டும். ஒரு மாணவருக்கு இடம் ஒதுக்குவது அவர் சாதிக்காக மட்டுமா? அன்று. அச்சாதியைச் சேர்ந்தோர் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்ததால் விளைந்த கல்விப் பின்தங்கலுக்காக. சாதியோடு இன்னொரு காரணமும் சேரும்போது, 'மட்டும்' என்னும் சொல்லின் எல்லைக்குள் அது வாராது. சாதியின் பெயரைச் சொல்லாமல் எந்த ஒதுக்கீடும் செய்யமுடியாது. ஆனால் பெயரைச் சொல்வதும் அதனையே காரணமாக்குவதும் ஒன்றல்ல. வரைவுக் குழுவின் தலைவராக இருந்தவர், தம் குழு வரைந்த ஆவணத்தின் ஒரு சொல்லைக் காட்டி, இதனைப் படித்தீர்களா என்று வினவியதற்கு ஒப்பாகும் இது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் அவர் கற்றது பொருளியலும் சட்டமும். அவற்றோடு, சின்னஞ்சிறு சொல்லையும் விடாது எடைபோடும் வாசிப்பும் அவரிடம் இருந்தது.

1951 ஜூன் 18இல் திருத்தம் சட்டமாயிற்று. 15ஆம் உறுப்பில் நான்காம் கூறு சேர்ந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர்க்கும், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு தனி ஏற்பாடு செய்வதை இந்த உறுப்போ 29இன் இரண்டாம் கூறோ தடுக்காது என்பது அதன் சாரம். இக்கூறில் 'ஒன்லி' இல்லை. நம் பிள்ளைகள் இன்று ஒதுக்கீட்டில் பெறும் ஒவ்வொரு கல்லூரி இடமும் அக்கூறின் நிழலில் நிற்பதே.

இதுவரை கூறியதைக் கொண்டு 'ஒன்லி' நமக்கு உற்ற நண்பன் என்று எண்ணிவிடலாகாது. அதே சொல் எதிர்த்தரப்பாரின் கையிலும் வேலை செய்யும். 15ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள் பற்றியது. அங்கும் 'ஒன்லி' உண்டு. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவரைக் கேட்டால், சாதிக்காகவா வைத்தோம், சுத்தத்திற்காக வைத்தோம் என்பார். கிணற்றில் தடுத்தவரைக் கேட்டால், தண்ணீர்ப் பற்றாக்குறை என்பார். சாதிக்காக 'மட்டும்' அன்று என்பதே எக்காலத்தும் சொல்லப்படும் சாக்கு. 1833இல் வெள்ளையர் கண்ட வழி அதுவே அல்லவா? 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தை வரைந்தோர் இதனை உணர்ந்திருந்தனர் போலும். அதில் 'தீண்டாமையின் காரணமாக' என்று உள்ளதேயன்றிக் 'காரணமாக மட்டும்' என்று இல்லை. மேலும், பட்டியல் சாதியினர்க்கு எதிராக அத்தகைய செயல் நிகழ்ந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அது தீண்டாமையின் காரணமாகவே நிகழ்ந்ததென்று நீதிமன்றம் கொள்ளவேண்டும் என்று 12ஆம் பிரிவு விதித்தது. சாக்குச் சொல்பவர் தலைமீதே சுமை ஏற்றப்பட்டது. நம் ஊர்களில் இப்பிரிவை அறிந்தோர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

'ஒன்லி'யைக் குறுகப் பொருள்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கின் தீர்ப்பு சான்று. பால் வேறுபாடு மட்டுமே காரணமாயின் அரசியலமைப்பு தடுக்கும், அதனோடு வேறு காரணங்களும் சேருமாயின் தடுக்காது என்று 1981இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வாழ்க்கையில் எந்த வேறுபாடுதான் ஒற்றைக் காரணத்தோடு வருகிறது? 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தம் தீர்ப்பில் இக்குறுகிய வாசிப்பைக் கண்டித்து ஒதுக்கினார்.

இவை 'ஒன்லி' இருந்த இடங்கள். இனிக் கூறப்போவது அது இல்லாத இடம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3ஆம் பிரிவின் ஒரு கூறு, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தை ஒருவர்மீது, அவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் 'என்னும் காரணத்தால்' இழைத்தால் ஆயுள் தண்டனை என்று விதித்தது. 'ஒன்லி' அதில் எழுதப்படவில்லை. ஆயினும் பல வழக்குகளில் நீதிமன்றங்கள் 'என்னும் காரணத்தால் மட்டும்' என்று எழுதியிருப்பதுபோல் அதனைப் படித்தன. கொலைக்கு நிலத்தகராறும் காரணம், வன்புணர்ச்சிக்குக் காமமும் காரணம். ஆகவே சாதி மட்டும் காரணமன்று, ஆகவே இப்பிரிவு பொருந்தாது என்று குற்றவாளிகள் அப்பிரிவிலிருந்து விடுபட்டனர். நம் மாணவன் தேர்வில் இல்லாத சொல்லைச் சேர்த்துப் பொருள் எழுதினால் மதிப்பெண் குறைப்பர். இங்குக் குறைந்தது மதிப்பெண் அன்று.

2015இல் நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 'என்னும் காரணத்தால்' என்பது நீக்கப்பட்டு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் 'என்று அறிந்தே' செய்தால் என்று மாற்றப்பட்டது. திருத்தத்திற்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்கு அது பொருந்தாதாகையால் பழைய சொற்களின் பொருள் பற்றிய வாதம் நீடித்தது. 2021 ஏப்ரலில், பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவருக்கு ஆந்திர மாநிலத்தில் இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை ஆராய்ந்தது. ஒரு பெண் பெண்ணாகவும், பார்வையற்றவராகவும், தாழ்த்தப்பட்டவராகவும் ஒரே வேளையில் இருக்கிறார். அவர் பட்ட துன்பத்தில் இது பாலுக்குரியது, இது சாதிக்குரியது என்று பங்கு பிரிக்கவியலாது. சாதி காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே பிரிவு பொருந்தும். சட்டத்தில் இல்லாத 'மட்டும்' என்பதைச் சேர்த்துப் படித்தல் தகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. எனினும் அவ்வழக்கில் சாதியும் ஒரு காரணமாக இருந்தது என்பதற்குத் தக்க சான்று முன்வைக்கப்படவில்லை என்று கூறி, அப்பிரிவின் கீழ் அளித்த தண்டனையை நீதிமன்றம் நீக்கியது. வன்புணர்ச்சிக் குற்றத்திற்கான ஆயுள் தண்டனை நிலைத்தது.